செவலையின் கொம்பிலிருந்த ஓலை முடிச்சு

மாடு காணாமல் போன அன்று அம்பத்தூர் வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒன்று, என் அக்கா பட்டம்மாள். இரண்டாவது, முன்னறையில் குடக்கூலிக்கு இருந்த அச்சாபீஸ் கம்பாசிட்டர் கோவிந்தராஜுலு; காய்ச்சல் என்று லீவு போட்டுக் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். மூன்றாவது நான், ரத்தினம், புதுச்சேரியிலிருந்து போனவன். நாலாவதாக யாரும் இல்லை. இதைப் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தடவை சொன்னேன். "நாலாவதா ஒருத்தன் இருந்தே ஆகணும், நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் ஏட்டு. யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். இல்லை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பஞ்சாலைக் கிடங்கில் நூல் கட்டு எண்ணுகிற வேலை. எண்ணுகிறவனுக்குச் சந்தேகம் கூடவே பிறக்கும். ஒரு கட்டைத் தொண்ணூற்றெட்டு என்று எண்ணிவிட்டு மறுபடி எண்ணாமல் என்னால் நகர முடியாது. வீட்டில் தாழ்ப்பாளையும் அப்படித்தான் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். இப்படிப்பட்டவனுக்கு அக்கா ஒரு கடிதம் போட்டாள். கம்பாசிட்டர் கையெழுத்து, அச்சுக் கோத்ததுபோல் இருந்தது. "இங்கு எல்லோரும் சௌக்கியம். பக்கத்துத் தெருவில் கன்னம் வைத்துப் பாத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. ஸ்டேஷனில் நிற்கிற கூட்ஸ் வண்டியிலிருந்து சாக்கு சாக்காகச் சாமான் இறங்குகிறது. நீ ஒன்றும் கவலைப்படாதே."

கவலைப்படாதே என்கிற வார்த்தை ஒரு கடிதத்தில் இருந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. மாமா ரயில்வேயில் இருந்து இறந்துபோய் நாலு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. சண்டைக் காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று பாதி ஜனம் மூட்டை முடிச்சோடு மேற்கே வந்து குவிந்திருந்தது. ஆவடியில் பட்டாளம். நடுவில் அக்கா, ஒரே ஒரு செவலைப் பசுவை வைத்துக்கொண்டு. அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று கிடங்கில் பத்து நாள் லீவு கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஊரில் பறப்பது பிரெஞ்சுக் கொடி. ஆகையால் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் காலை வைக்கிறவன் வெளிதேசத்துக்காரன்தான். சுங்கக்காரர் என் பெட்டியைத் திறந்து வேட்டியை உதறினார், சோப்பை முகர்ந்தார், அக்காவுக்கு நான் எடுத்துப்போன ரொட்டியை இரண்டாக உடைத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "பிராந்தி எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றேன். என்னை அவர் நம்பவில்லை. நானும் ஒரு நிமிஷம் என்னை நம்பவில்லை.

அம்பத்தூரில் இறங்கிய உடனே ஒரு ஜட்கா பிடித்தேன். இருபத்து இரண்டு ரூபாய் எட்டணாவை ஒரு துணியில் வைத்துத் தைத்து இடுப்பில் கட்டியிருந்தேன். அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டிக்காரன் குதிரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"இன்னா நைனா, வயித்த வலியா?"

"இல்லை."

"அப்ப மடியில இன்னாவோ வச்சிகினு கீற. இப்டி கைய வச்சிகினு போனா ஆளு ஆளுக்கு நீயே காட்டிக் குடுக்கற மாதிரி."

கையை எடுத்தேன். எடுத்த பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வழி முழுக்க அவன் திருட்டுக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தான், அந்த ஊர்க் கோயிலின் பெருமையைச் சொல்வதுபோல. சுவரில் எத்தனை அங்குலம் ஓட்டை போட்டான், எந்த வீட்டில் அண்டா போயிற்று, எந்த வீட்டில் கட்டிலோடு ஆளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுச் சாமானை எடுத்தான்.

"அவுனுங்க சும்மா வர மாட்டானுங்க நைனா. மொதல்ல ஒர்த்தன் வந்து அடயாளம் வச்சிட்டுப் போவான். கரிக்கோடு, நூலு, ஓல, எதனா ஒண்ணு. அத பாத்துட்டு மூணாம் நாளு வருவானுங்க. ஊடு காலி."

இறங்கும்போது பன்னிரண்டு அணா கேட்டான். கொடுத்தேன். அக்கா வாசலில் நின்று கேட்டாள்: "எவ்ளோ குடுத்த?" சொன்னேன். "நாலணா சவாரிடா அது. உன் முதல் திருட்டு முடிஞ்சுது, உள்ள வா" என்றாள்.

சாப்பாடு கேழ்வரகு அடையும் கருவாட்டுக் குழம்பும். அரிசி அளவாகத்தான் கிடைக்கிறது என்றாள். நான் கொண்டுபோன ரொட்டியை, அந்தச் சுங்கக்காரர் விரல் விட்ட பக்கத்தைத் தள்ளிவிட்டு, கம்பாசிட்டருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஆகாய விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாதாம். வெளிச்சம் தெரியாத ஊர் திருடனுக்கு எவ்வளவு வசதி என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தாழ்ப்பாளை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் விஷயத்தைத் தொடங்கினேன். என்னோடு வந்துவிடு என்றேன். அவள் பால் செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அங்க வந்தா உன் பொண்டாட்டி போடற சோறு. இங்க செவல போடற சோறு. ரெண்டும் ஒண்ணாடா?"

"உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

"பத்து நாள் இருக்கப் போறல்ல, இருந்து பாரு. பத்தாம் நாளும் உனக்குப் பயமாவே இருந்தா செவலைய வித்துட்டு உன் கூட வரேன். தெளிஞ்சுபோச்சுன்னா நீ மட்டும் போ."

எனக்குப் பயம் தெளியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று அவளோடு ஆவடிக்குப் பால் கொண்டுபோனேன். முகாமுக்குப் பால் எடுக்கிற காண்டிராக்டர் ஆளாளுக்கு ஒரு தகர வில்லை கொடுத்திருந்தார். வில்லை இருந்தால்தான் பாலை உள்ளே எடுப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து பால் வராவிட்டால் வில்லை வேறு ஆளுக்குப் போய்விடும். வில்லைக்காகக் காத்திருப்பவர்கள் அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று பார்ப்பவர்கள்போல.

ரயிலில் ஒரே கூட்டம். பால் குடம், கீரைக் கட்டு, முட்டைக் கூடை. பட்டாளத்துக் கூட்ஸ் போவதற்காக எங்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம் நின்றது. வெயில் ஏற ஏற அக்கா பால் குடத்தின் மேலிருந்த ஈரத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் திருட்டைப் பற்றி நான் கேட்டுக்கொண்ட பாடம் இது. ஆவடிக் கீரைக்காரி சொன்னாள், ஆவடியில் பயமே இல்லை, பூந்தமல்லிப் பக்கம் போனால்தான் கழுத்தில் இருக்கிறது கழுத்தில் இருக்காது என்று. எதிரே இருந்த பூந்தமல்லி முட்டைக்காரர் ஒப்பவில்லை.

"எங்க ஊருல கதவத் தொறந்து வச்சிட்டுத் தூங்கறோம்மா. அம்பத்தூருதான் மோசம், கூட்ஸ் வண்டியவே முழுங்கறானுங்க."

அம்பத்தூர்க்காரி ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். "யோவ், எங்க ஊர்ல திருடறவன் பூரா ஆவடியில இருந்து வரவன்யா!"

மூன்று ஊரும் சுற்றி வந்துவிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். "எங்கதான் அதிகம்?" என்று கேட்டேன். "நாம இல்லாத ஊருல" என்றாள்.

ஆவடியில் குமாஸ்தா ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் விட்டு, அது மிதக்கிற உயரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எந்தப் பாலுக்கும் சுளிப்பார் போலிருக்கிறது. முள்வேலி, லாரி, துப்பாக்கிக்காரன், மறுபடி முள்வேலி. இவ்வளவு காவலுக்குள்ளே இருந்து தார்ப்பாயும் பெட்ரோலும் தினமும் வெளியே போகிறது என்று திரும்பி வரும்போது பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் சிவப்புக் குல்லாச் சிப்பாய் மூலைக்கு ஒருவன் நிற்பான். சாராயக் கடை வாசலில் அடிதடி நடக்கும், ஆனால் நடக்கிறது கண்ணுக்குத் தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் நேற்று நடந்ததாகவோ பக்கத்து ஊரில் நடந்ததாகவோ இருந்தது. அதுதான் எனக்கு அசதியாக இருந்தது. பயப்படுவதற்கு ஒரு இடம் கிடைத்தால்கூடப் பரவாயில்லை.

நாலாம் நாள் கிடைத்தது.

நான் மாட்டுக்குப் பக்கத்தில் அதிகம் போகிறவன் இல்லை. அன்று அக்கா பால் கொண்டுபோய்விட்டாள், வைக்கோல் போடச் சொல்லியிருந்தாள். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தேன். செவலையின் இடது கொம்பின் அடியில் பனையோலையைக் கிழித்து முறுக்கி ஒரு முடிச்சு. மூன்று சுற்று, நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பச்சை இன்னும் முழுக்கக் காயவில்லை. யாரோ கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் இவ்வளவு கிட்டே வந்து, கொம்பைப் பிடித்து, நிதானமாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

நூலு, ஓல, எதனா ஒண்ணு. ஜட்காக்காரன் குரல் காதில் கேட்டது.

கம்பாசிட்டரின் பேனாக் கத்தியை வாங்கி வந்தேன். மாடு தலையை ஆட்டிற்று, கொம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒருவழியாக அறுத்து எடுத்து, அடுப்பில் போட்டு, சாம்பலாகிறவரை நின்றேன். அக்காவிடம் சொல்லவில்லை. பயந்துபோவாள் என்று. அன்று ராத்திரி முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள், நடுப்பகல். அக்கா வழக்கம்போல் செவலையை ஏரி உள்வாயில் முளை அடித்து நீளக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தாள். தண்ணீர் வற்றிய இடத்தில் அங்கே நல்ல புல். ஆள் யாரும் நிற்பதில்லை. தனியாகவா விட்டு வருகிறாய் என்று கேட்டேன். "தினம் விடறதுதான்" என்றாள். நான் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தேன், மாடு இருந்தது. இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன், இருந்தது. மூன்று மணிக்குப் போவதற்குள் அசந்துவிட்டேன். போனபோது முளை மட்டும் நின்றது. முளையைச் சுற்றி வட்டமாக மேய்ந்த இடம், அதன் ஓரத்தில் புதுச் சாணி.

அக்கா வந்து பார்த்தாள். கத்தவில்லை. "எத்திராஜ் கிட்ட சொல்லிடறேன், நாளைக்குள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். எத்திராஜ் யார் என்று நான் கேட்க நினைத்தேன். அதற்குள் என் கால் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. எந்த ஊர் ஸ்டேஷன் என்று எழுதவில்லை. அந்த ஏட்டுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள்.

வீட்டில் யார் யார், நாலாவது ஆள் எங்கே என்பதெல்லாம் அங்கே நடந்ததுதான். எல்லாம் கேட்டுவிட்டு ஏட்டு ஒரு பென்சிலை எடுத்து எழுதினார். மசிக்கூடு பக்கத்திலேயே இருந்தது.

"பென்சிலாலா எழுதுவது?" என்று கேட்டேன்.

"மாட்டு விஷயம் முதல் மூணு நாளைக்குப் பென்சில்தான். உங்க அக்காவுக்குக் காவல்காரன் இருப்பானே, அவன்கிட்ட கேட்டீங்களா?"

"நீங்கள்தானே காவல்?"

ஏட்டு பென்சிலைக் கீழே வைத்தார். "எந்த ஊரு?" என்று கேட்டார். புதுச்சேரி என்றேன். "அதான்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, தலையில் முண்டாசு, வாயில் வெற்றிலை. இவர்தான் எத்திராஜ். ஏரிக்கு அந்தப் பக்கத்துக்காரர். அக்கா தெருவிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் உள்ள மாடுகளுக்கெல்லாம் காவல். வருஷத்துக்கு மாடு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாயும் இரண்டு படி கேழ்வரகும் வாங்கிக்கொள்வார். மாடு போனால் அவர் தேடிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் விலையைக் கொடுக்க வேண்டும். இதைக் கம்பாசிட்டர் கம்பளிக்குள்ளிருந்தே எனக்கு எடுத்துச் சொன்னார்.

"முடிச்சு இர்ந்திச்சா?" என்று கேட்டார் எத்திராஜ்.

"நீதான அமாவாசைக்கு வந்து புதுசா கட்டின" என்றாள் அக்கா.

"நான் கட்னேன். இன்னிக்கி இர்ந்திச்சான்னு கேக்கறேன். என் முடிச்சப் பாத்துட்டு இந்த ஏரியில ஒர்த்தன் கை வைக்க மாட்டான். அப்டி வச்சான்னா அவன் மாட்ட நான் எட்த்துகினு வந்துடுவேன், அது அவனுக்கும் தெரியும். முடிச்சு இல்லன்னாதான் யாரோ வெளியூரு மாடுன்னு ஓட்டிகினு பூடுவானுங்க."

நூல் கட்டில் ஒன்று குறைந்தால் குறைந்தது என்று சொல்லிவிடுவேன், இதைச் சொல்ல வரவில்லை. கம்பாசிட்டர்தான் மெதுவாகக் கேட்டார். "நேத்து எதுக்கு சார் என் கத்தி வாங்கினீங்க?"

சொன்னேன். அடையாளம், ஜட்காக்காரன், அடுப்பு, எல்லாம். ஸ்டேஷனுக்குப் போனதையும் சொன்னேன். எத்திராஜ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அண்ணாத்தே, காவலுக்குப் போட்ட பூட்ட நீயே ஒடச்சிப் போட்டுட்டு, பூட்டு செஞ்சவன் மேல பிராது குட்த்துட்டு வந்துகீற."

"பென்சிலில்தான் எழுதினார்" என்றேன்.

"அப்ப பரவால்ல" என்றார் அவர், சிரிக்காமல்.

முடிச்சு இல்லாததால் கணக்குப்படி அவர் பொறுப்பில்லை. துப்புக்கூலி கொடுத்து மீட்க வேண்டியதுதான். மாடு யாரிடம் இருக்கிறது என்று துப்புச் சொல்வதற்கு ஒரு கூலி. மாட்டைக் கொண்டுபோனவனுக்கும் துப்புச் சொல்கிறவனுக்கும் என்ன உறவு என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன். எத்திராஜ் இன்னொரு வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சாயங்காலம் கறக்கிற நேரத்துக்குப் பால் செம்பை எடுத்தாள், கழுவினாள், கவிழ்த்து வைத்தாள். "நாளைக்கு ஒண்ணு, நாளன்னைக்கு ரெண்டு, அடுத்த நாளு மூணு" என்று மட்டும் சொன்னாள். வில்லையின் கெடுவை எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவளை அழைத்துப் போக வந்தவன் நான். இப்போது மாடு போய்விட்டால் அவள் வந்துதான் ஆக வேண்டும். நான் நினைத்தது நடந்துவிடும். அந்த நினைப்பு வந்தபோது எனக்கே என் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் முழுக்க ஒன்றும் இல்லை. அக்கா மண்ணூர்பேட்டைப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் கடனாகப் பால் கிடைக்குமா என்று போய்க் கேட்டுவிட்டு, கால் முழுக்கப் புழுதியோடு வெறுங்குடமாகத் திரும்பினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எத்திராஜ் வந்தார். முப்பத்தைந்து ரூபாய். நாளை உச்சிப் பொழுதுக்குள். பூந்தமல்லி ரோட்டில் ஒரு வெற்றிலைக் கடையில் கொடுத்துவிட்டு, நூம்பலுக்குத் திரும்புகிற வழியில் நடக்க வேண்டும். பனந்தோப்பில் மாடு கட்டியிருக்கும். அவிழ்த்துக்கொண்டு வந்துவிட வேண்டும். யாரையும் பார்க்கக் கூடாது, ஒன்றும் பேசக் கூடாது.

"நீங்கள் போய்க் கொண்டுவரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"முடிச்ச அறுத்த கைதான் கூலி குடுக்கணும். அதான் எங்க வழக்கம்."

"என்னிடம் இருபத்து இரண்டரைதான் இருக்கிறது. ஊருக்குப் போக ரயில் சார்ஜ் வேறு."

"இருவது குடு. மீதிக்கு நான் ஜாமீன் சொல்லிகீறேன்."

ஏழாம் நாள் காலையில் இடுப்புத் தையலைப் பிரித்தேன். பூந்தமல்லிக்கு ஒரு மாட்டு வண்டியில் இடம் கிடைத்தது. பாதி வழியில் அச்சாணி கழன்று வண்டி சாய்ந்து, ஏற்றியிருந்த செங்கலெல்லாம் சரிந்தது. செங்கலை நானும் சேர்ந்து அடுக்கினேன். கை எரிந்தது. வண்டிக்காரர் இரக்கப்பட்டு நீராகாரம் வாங்கிக் கொடுத்தார், உப்பும் சின்ன வெங்காயமும் போட்டது. அந்தப் பயணத்தில் ருசித்துக் குடித்தது அது ஒன்றுதான்.

வெற்றிலைக் கடைக்காரர் பணத்தை எண்ணவில்லை. வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு எனக்கு ஒரு பீடா மடித்துக் கொடுத்தார். இலவசம் என்று கையைக் காட்டினார். இருபது ரூபாய் கொடுத்த இடத்தில் எண்ணாமல் வாங்குகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. நானே எண்ணிக் காட்டட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன். பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்தது.

பனந்தோப்பில் செவலை நின்றது. முன்னால் பசும்புல் போட்டிருந்தார்கள். மடி வற்றியிருந்தது. கறந்துகொண்டுதான் விட்டிருக்கிறார்கள். அவிழ்த்தேன். என்னோடு வர அதற்கு விருப்பமில்லை. நான் இழுக்க, அது நிற்க, அது இழுக்க, நான் ஓட, இப்படியே கால் மைல் போயிருப்போம். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வரப்பில் ஏறி நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

"மாடு யார்துய்யா?"

"என் அக்காவுடையது."

"அக்காதா? கொம்புல முடிச்சு ஒண்ணையும் காணமே. பேரு இன்னா?"

"பட்டம்மாள்."

"மாட்டுக்கா அக்காவுக்கா?"

"அக்காவுக்கு. மாடு செவலை." செவலை என்று கூப்பிட்டும் பார்த்தேன். அது மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

"உனக்கு எந்த ஊரு?" புதுச்சேரி என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பாண்டிச்சேரியாம்பா! சாராயம் கடத்தறது பத்தாதுன்னு மாட்டுக்கு வந்துட்டானுங்க." ஒரு அம்மாள் களைக்கொத்தோடு என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "மூஞ்சப் பாரு, பேந்தப் பேந்த முயிக்கறத பாரு. இவன் சத்தியமா திருடன்தான்."

என் துண்டாலேயே என் கையைக் கட்டினார்கள். அடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஒருவர் அடிக்கலாமா என்று கேட்டார், இன்னொருவர் சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கலாம் என்றார். ஒரு பனை மரத்தடியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் செவலையைக் கட்டினார்கள். எங்கள் இருவரில் அதற்குத்தான் தண்ணீர் காட்டினார்கள். எங்கள் தெரு, எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள், என் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆறு நாளாக இந்த ஊரில் பார்த்த முகத்தையெல்லாம் நான் இப்படித்தானே பார்த்தேன் என்று அசதியோடு நினைத்துக்கொண்டேன். முழியை மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் இன்னும் திருட்டு முழியாக இருக்கும் என்று பயமாக இருந்தது.

அரை மணி கழித்து எத்திராஜ் வந்தார். அவசரப்படாமல், ஏதோ இந்த வழியாகச் சும்மா போகிறவர்போல.

"வுட்டுடுங்கப்பா. நம்ம அக்காவோட தம்பி. மாடு நம்மளுது."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. கட்டினவரே வந்து துண்டை அவிழ்த்து, உதறி, என் தோளில் போட்டார். "தப்பா நெனச்சிக்காத நைனா. ஊருல திருட்டு ஜாஸ்தி, நாங்க ஜாக்கிரதையா இருக்கணும் பாரு" என்றார். எத்திராஜ் வடலிப் பனை ஒன்றிலிருந்து ஓலையைக் கிழித்து, பல்லால் நுனியைப் பிளந்து, செவலையின் கொம்பில் முடிச்சுப் போட்டார். அதன் பிறகு அம்பத்தூர் வரை யாரும் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். முதலில் மடியைத் தொட்டாள். "கறந்துட்டானுங்களா, பாவிங்க" என்றாள். அப்புறம்தான் என் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். மறுநாள் காலை செவலை இரண்டு படி கறந்தது. வழக்கத்தில் பாதி. வில்லைக்கு அது போதும். மூன்றாவது நாளுக்குள் ஆவடிக் குமாஸ்தா முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். சுளித்தாராம்.

லீவு இன்னும் இரண்டு நாள் இருந்தது, ஆனாலும் கிளம்பிவிட்டேன். பெட்டியைக் கட்டும்போது, இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன்.

"பயம் தெளியலதானே உனக்கு?" என்றாள் அக்கா.

"இல்லை. முன்னைக்கு இப்போது அதிகம்."

"பேச்சுப்படி நான் வரணும்." என் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "ஆனா அங்க என் மாட்டக் காணம்னா நான் யார்கிட்டடா போய்ச் சொல்றது? உன் கிட்டயா?"

பெட்டியைப் பூட்டினேன். அவள் அடையை இலையில் மடித்து வழிக்குக் கொடுத்தாள்.

ஸ்டேஷனுக்கு எத்திராஜ் வந்திருந்தார். முப்பத்தைந்தில் மீதிப் பதினைந்தைத் தன் கையிலிருந்தே கட்டிவிட்டதாகச் சொன்னார். கம்பாசிட்டரைக் கொண்டு ராத்திரியே ஒரு கடன் பத்திரம் எழுதி வாங்கி வைத்திருந்தேன், கையெழுத்தும் போட்டிருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எயுத்து இன்னாத்துக்கு அண்ணாத்தே? நீ பாண்டிச்சேரி பூடுவ. அங்க வந்து எங்க போலீஸ்கூட உன்ன புடிக்க முடியாது. பரவால்ல. அக்கா ஊடு இங்கதான கீது."

வண்டி வந்துவிட்டது. அவர் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அக்காவை நம்பி உனக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னாரா, கொடுக்காவிட்டால் உன் அக்கா இங்கே இருக்கிறாள் என்று சொன்னாரா? முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, வெற்றிலைதான் இருந்தது. அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். "ரெண்டும் ஒன்றுதான், நீ பணத்தை அனுப்பு" என்று கம்பாசிட்டர் கையெழுத்தில் பதில் வந்தது. மாதம் இரண்டு ரூபாய் வீதம் மூன்று மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், மூன்று ரசீதும் இருக்கிறது. பாக்கி ஒன்பது ரூபாய்.